ஊஞ்சலுக்கு அடியில் என்ன போடுவது?

ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும் புது மனைப்பிரிவுகள்தான். மனைப்பிரிவு 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு வளர்ச்சி, கட்டட விதி. அப்படிக் கிடைத்த இடங்களிலும், கம்பெனிகள் சிஎஸ்ஆர் பணத்தில் போட்டுக்கொடுத்த இடங்களிலும் பூங்காக்கள் வருகின்றன. பல பூங்காக்களில் ஒரே காட்சிதான். சிவப்பும் மஞ்சளுமாகச் சறுக்குமரம், இரட்டை ஊஞ்சல், ஒரு சீசா, அவற்றுக்கு அடியில் பேவர் பிளாக்.

பேவர் பிளாக் ஏன் வருகிறது என்பது எஸ்டிமேட் போடுகிறவர்களுக்குத் தெரியும். நடைபாதைக்கு எழுதிய அதே ஐட்டத்தை இன்னும் ஆயிரம் சதுர அடிக்கு நீட்டினால் வேலை முடிந்தது. கூட்டுவது சுலபம், சேறு ஆகாது, திறப்பு விழா போட்டோவில் பளிச்சென்று இருக்கும். விழுகிற பிள்ளைக்கு மட்டும் அதைவிட மோசமான தரை இல்லை. கான்கிரீட், தார், டைல்ஸ் எல்லாம் அதே வகைதான். உங்கள் பூங்காவில் ஏறி விளையாடும் கருவிக்கு அடியில் இவை இருந்தால், இந்த அத்தியாயத்தை முழுதும் படிக்கும் முன்பே அந்தக் கற்களைப் பெயர்த்தெடுக்க ஏற்பாடு செய்யலாம். கற்கள் வீணாகாது, நடைபாதைக்கு ஆகும்.

விழுகிற வேகமும் ஒரு எண்ணும்

இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து தவறி விழும் குழந்தை தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு சுமார் 22 கிலோமீட்டர். மூன்று மீட்டர் என்றால் 27ஐத் தாண்டும். அந்த வேகம் எத்தனை சென்டிமீட்டருக்குள் நிற்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கான்கிரீட் கொஞ்சமும் அமுங்காது. மணலோ ரப்பரோ சில சென்டிமீட்டர் அமுங்கி இடம் கொடுக்கும். மண்டை உடைவதற்கும் அழுதுகொண்டு எழுந்திருப்பதற்கும் வித்தியாசம் அந்தச் சில சென்டிமீட்டர்தான்.

இதை அளக்க ஒரு எண் இருக்கிறது. இந்தத் தொழிற்பேட்டைக்காரர்களுக்கு அது புதிதல்ல. ஒரகடத்தில் உள்ள குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் போன்ற சோதனைச் சாலைகளில் காரை மோதவிட்டு, உள்ளே இருக்கும் பொம்மையின் தலைக்கு என்ன ஆகிறது என்று பார்க்கிறார்கள். அதற்கான தலைக்காய அளவுகோலில் 1000 என்பது எல்லை. முன்மோதல் சோதனைக்கான நம் ஏஐஎஸ் 098 தரக்குறிப்பிலும் அதே 1000. டெட்ராய்ட்டின் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வுகளிலிருந்து பிறந்த இந்தக் கணக்கைத்தான் விளையாட்டுத் தரைக்கும் எடுத்துக்கொண்டார்கள். ஐரோப்பாவின் இஎன் 1177, அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் எஃப் 1292 இரண்டும் இதையே பயன்படுத்துகின்றன. 4.6 கிலோ எடையுள்ள தலை வடிவக் கருவியைப் பல உயரங்களிலிருந்து தரையில் போடுவார்கள். எந்த உயரத்தில் எண் 1000ஐத் தொடுகிறதோ அதுதான் அந்தத் தரை தாங்கும் உச்ச உயரம். விளையாட்டுக் கருவி அதைவிட உயரமாக இருக்கக்கூடாது.

காருக்குள் அமர்ந்திருப்பவரின் தலைக்காகப் பல கோடி ரூபாய் இயந்திரங்களை வைத்து அளக்கும் ஊரில், அந்தக் காரைப் பூட்டுகிறவரின் பிள்ளை விளையாடும் தரையை யாரும் அளப்பதில்லை. குறை சொல்ல மட்டும் இதை எழுதவில்லை. ரப்பர் தரை விற்க வருகிறவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான்: எத்தனை மில்லிமீட்டர் கனத்துக்கு, எந்த உயரத்துக்கு, எந்தத் தரக்குறிப்பின்படி சான்று? "நல்ல குஷன் சார், குதிச்சுப் பாருங்க" என்று பதில் வந்தால் அவரை அனுப்பிவிடலாம்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1000க்குக் கீழே என்றால் அடியே படாது என்று பொருள் இல்லை. இந்தத் தரக்குறிப்புகள் தலையைக் காப்பாற்ற எழுதப்பட்டவை. நல்ல ரப்பர் தரையிலும் கை உடையலாம். பெற்றோர் குழுவிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எவ்வளவு தூரம் போடுவது

கருவியின் அடியில் மட்டும் போட்டால் போதாது, பிள்ளைகள் வெளியே தெறித்துத்தான் விழுவார்கள். கருவியைச் சுற்றி எல்லாப் பக்கமும் 1.8 மீட்டர், அதாவது ஆறு அடி, என்பது அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கையேட்டுக் கணக்கு. ஊஞ்சலுக்கு அது பற்றாது. சங்கிலி மாட்டிய மேல்குழாய் தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அதைப்போல் இரு மடங்கு முன்னாலும் இரு மடங்கு பின்னாலும் வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். குழாய் உயரம் 2 மீட்டர், சட்டம் 3 மீட்டர் அகலம். முன்னால் 4, பின்னால் 4, ஆக நீளம் 8 மீட்டர். அகலம் மூன்றுடன் இரு பக்கமும் 1.8 சேர்ந்து 6.6. ஏறக்குறைய 53 சதுர மீட்டர். இதில் 40 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மணல் என்றால் 21 கன மீட்டர், நம் லாரிக் கணக்கில் ஏழரை யூனிட். ஒரே ஒரு இரட்டை ஊஞ்சலுக்கு! இதைப் பார்த்ததும் பலர் மணலைக் குறைக்கப் பார்க்கிறார்கள். குறைக்க வேண்டியது ஊஞ்சலின் உயரத்தை. இடமும் பணமும் குறைவாக இருந்தால் உயரம் குறைந்த கருவியை வாங்குங்கள். தரைக்கு எவ்வளவு முடியும் என்று பார்த்துவிட்டு அதற்கேற்பக் கருவி வாங்குவதுதான் சரியான வரிசை. இங்கே எப்போதும் தலைகீழாக நடக்கிறது. கேட்லாக்கில் பெரிய சறுக்குமரத்தைப் பார்த்து ஆர்டர் கொடுத்துவிட்டு, மிச்சக் காசில் தரையைத் தேடுகிறோம்.

மணல்

ஐரோப்பியத் தரக்குறிப்பின்படி, 0.2 முதல் 2 மில்லிமீட்டர் வரையுள்ள உருண்டையான மணல், சேறும் களியும் இல்லாமல், 20 சென்டிமீட்டர் இருந்தால் 2 மீட்டர் உயரத்துக்கும் 30 சென்டிமீட்டர் இருந்தால் 3 மீட்டருக்கும் தாங்கும். காலால் ஒதுங்குவதை ஈடுசெய்ய மேலே இன்னும் 10 சென்டிமீட்டர் சேர்க்க வேண்டும். அமெரிக்கக் கையேடு இதைவிடக் கறார். ஒன்பது அங்குல மணல் நான்கடி உயரத்துக்கு மட்டும்தான் என்கிறது. பரப்பும் பொருள் நாளாவட்டத்தில் கால்பங்காவது அமுங்கும் என்றும் எச்சரிக்கிறது. இரண்டையும் வைத்துப் பார்த்தால், நம் ஊர் நிலைமைக்கு என் பரிந்துரை இதுதான்: 40 சென்டிமீட்டர் மணல் போடுங்கள், ஏறும் கருவி ஒன்றரை மீட்டரைத் தாண்ட வேண்டாம்.

சிக்கல் வருவது மணல் வாங்கும் இடத்தில். காஞ்சிபுரம் மாவட்டத்தில் கேட்ட உடனே கிடைப்பது எம்-சாண்ட். கட்டடத்துக்கு அது நல்லது. காரணம், உடைத்த கல்லின் கூர்முனைகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு இறுகுகின்றன. நமக்கு வேண்டியது நேரெதிர், இறுகாத மணல். போதாக்குறைக்கு, உடைத்த கல்மணலில் 75 மைக்ரானுக்குக் கீழான தூள் 15 சதவீதம் வரை இருக்கலாம் என்று ஐஎஸ் 383 அனுமதிக்கிறது. அந்தத் தூள் நவம்பர் மழையில் நனைந்து தை மாத வெயிலில் காய்ந்தால் சிமென்ட் போடாத தளம் போல் ஆகிவிடும். பி-சாண்ட், கிரஷர் தூள், ஏரி வண்டல், செம்மண் கிராவல் எல்லாம் இதே கதைதான். "நொய் கூழாங்கல்" என்று கேட்க நினைத்து ஆர்டரில் கிராவல் என்று எழுதினால் செம்மண் லோடுதான் வந்து கொட்டும். கவனம்.

ஆற்று மணல் உரிய அனுமதிச் சீட்டோடு கிடைத்தால் அதைச் சலித்துப் போடுங்கள். லோடு இறங்கும் முன் பாட்டில் சோதனை செய்யுங்கள். மேஸ்திரிகள் அறிந்ததுதான். கண்ணாடிப் பாட்டிலில் பாதி மணல், முக்கால் வரை தண்ணீர், நன்றாகக் குலுக்கி ஒரு மணி நேரம் அசையாமல் வைத்தால் சேறு மேலே தனி அடுக்காகப் படியும். கான்கிரீட்டுக்குக் கொஞ்சம் சேறு இருந்தாலும் ஒப்புக்கொள்வார்கள். இங்கே அடுக்கு கண்ணுக்குத் தெரிந்தாலே லோடைத் திருப்பி அனுப்புங்கள்.

குழியின் அடித்தளம் முக்கியம். இந்தப் பகுதியில் பல மனைப்பிரிவுகள் ஏரிப் பாசன நிலத்தில் வந்தவை, அடியில் களிமண். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடும். வடிகால் இல்லாத மணல் குழி ஐப்பசியில் குட்டையாகும், கொசு முட்டையிடும். அடியில் சரிவு கொடுத்து, 10 சென்டிமீட்டர் ஜல்லி பரப்பி, துளையிட்ட குழாய் ஒன்றை மழைநீர்க் கால்வாய் வரை இழுத்து, ஜல்லிக்கு மேல் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரித்துப் பிறகு மணல். துணி இல்லாவிட்டால் ஒரே ஆண்டில் ஜல்லி மேலேயும் மணல் கீழேயும் போய்விடும். கருவிக் கால்களின் கான்கிரீட் அடித்தளம் மணலுக்குள் ஆழமாகப் புதைந்திருக்க வேண்டும். மணல் விலகினால் முதலில் தலைகாட்டுவது அதன் விளிம்புதான்.

ரப்பர்

அப்போலோ, ஜேகே என்று டயர் ஆலைகள் இருக்கும் இடத்தில் ரப்பர் தரைக்கு ஆள் பஞ்சமில்லை. நல்ல தரையில் இரண்டு அடுக்கு இருக்கும். கீழே பழைய டயரை அரைத்த கறுப்புத் துகள், மேலே 10 முதல் 15 மில்லிமீட்டர் ஈபிடிஎம் என்னும் வண்ணத் துகள். இரண்டையும் பாலியூரிதேன் பசை பிடிக்கிறது. மேலே தெரியும் வண்ணம் அழகுக்கும் தேய்மானத்துக்கும், அடியைத் தாங்குவது கீழே உள்ள கறுப்பு. ஏமாற்று நடப்பதும் அங்கேதான். ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு மொத்தம் 50 மில்லிமீட்டர் அளவிலும் 3 மீட்டருக்கு 100 அளவிலும் கனம் தேவைப்படும். துல்லியமான கணக்கு அந்தந்தத் தயாரிப்பின் சான்றில் இருக்க வேண்டும். பில்லில் 50 என்று போட்டு 30ஐ விரித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஓரத்தில் கனமாகவும் நடுவில் மெல்லியதாகவும் போடுகிறவர்களும் உண்டு.

இதைப் பிடிக்க ஒரு கோணி ஊசி போதும். சாக்குத் தைக்கும் அந்த நீள ஊசியைத் தரையில் அழுத்திச் செருகினால் துகள்களுக்கிடையே நுழைந்து கான்கிரீட்டில் இடித்து நிற்கும். மேற்பரப்பில் நகத்தால் பிடித்து இழுத்து அளவுகோலில் வையுங்கள். ஊஞ்சலுக்கு நேர் கீழே, சறுக்குமரம் முடியும் இடத்தில், நடுவில், நான்கு மூலையில் என்று பார்த்து எண்களை எம்-புக் என்னும் அளவுப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் பிறகு பணம் கொடுங்கள்.

மழைக்காலத்தில் ரப்பர் போடவே கூடாது. பசை ஈரத்தோடு வேகமாக வினைபுரிந்து நுரைக்கும், அடியில் பிடிக்காமல் கொப்புளம் கட்டும். மாசி, பங்குனி நல்ல காலம். திறப்பு விழாத் தேதிக்காக நவம்பரில் அவசரப்படுத்தும் தலைவர்களிடம் இதைச் சொல்லத் தயங்காதீர்கள்.

அடுத்தது வெயில். சித்திரை மதியத்தில் நிழலில்லாத கறுப்பு ரப்பர் 60 டிகிரியை எளிதாகத் தாண்டும். வெறுங்காலோடு ஓடிவரும் மூன்று வயதுக் குழந்தையின் பாதம் பொசுங்கிப் போகும். வெளிர் வண்ணம் கொஞ்சம் உதவும், நிழல்தான் உண்மையான தீர்வு. மேற்குப் பக்கம் புங்கனும் வேம்பும் வைக்க இடம் விட்டுத் திட்டமிடுங்கள். அவை வளரும்வரை நிழல்வலை கட்டுங்கள்.

டயர்த் துகளில் உள்ள ரசாயனம் பற்றிப் பெற்றோர் கேட்பார்கள், கேட்பது நியாயம். தளர்வாகப் பரப்பும் துகளில் எட்டு வகை பாலிசைக்ளிக் ஹைட்ரோகார்பன்கள் மொத்தம் கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஆகஸ்ட் முதல் வரம்பு வைத்திருக்கிறது. அந்தச் சோதனை அறிக்கையை விற்பவரிடம் கேளுங்கள். பசையால் பிடிக்காத வெறும் டயர்த் துகளைப் பரப்பும் யோசனை எனக்கு உடன்பாடில்லை. சின்னப் பிள்ளைகள் வாயில் போடுவார்கள், சரியாக எடுக்காத டயர்க் கம்பியும் அதில் வரும்.

கம்பெனிக் காப்பகங்கள் நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 50 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் சொன்னது. அங்கே வரும் பிள்ளைகள் ஆறு வயதுக்குள். இடம் சிறியது, கூட்டித் துடைக்க ஆள் உண்டு, பராமரிப்புத் துறையும் உண்டு. ரப்பர் தரைக்குப் பொருத்தமான இடம் அதுதான். சக்கர நாற்காலியும் அதில் தடையின்றிப் போகும், மணலில் புதைந்து நிற்கும்.

மற்றவை

புல் நல்லதுதான், வைகாசிவரை உயிரோடு இருந்தால். ஊஞ்சலுக்குக் கீழே ஒரு பருவத்தில் தேய்ந்து கட்டாந்தரையாகிவிடும். தாழ்வான சீசாவுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். கான்கிரீட் மேல் ஒட்டிய செயற்கைப் புல் வெறும் பச்சை வண்ணம், அடியில் அதிர்ச்சி தாங்கும் பட்டை இல்லாவிட்டால் கான்கிரீட்டுக்குச் சமம். கம்பெனிகள் அன்பளிப்பாகத் தரும் கன்வேயர் பெல்ட் துண்டுகளும் அப்படித்தான். பாதி புதைத்து வண்ணமடித்த டயர்களை எடுத்துவிடுங்கள், உள்ளே தேங்கும் தண்ணீர் டெங்கு கொசுவுக்குத் தோதானது.

மரச்சில்லு உண்மையில் நல்ல பொருள். சவுக்குச் சில்லு கிடைக்கும், ஆனால் இங்கே கரையான் விடாது, ஆண்டுக்கொரு முறை மாற்ற வேண்டியிருக்கும். ஏற்றுமதிப் பேலட்டுகளை அரைத்துத் தருகிறோம் என்று யாராவது முன்வந்தால் பலகையில் உள்ள முத்திரையைப் பாருங்கள். ஹெச்டி என்றிருந்தால் சூடுகாட்டியது. எம்பி என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு புகை காட்டியது, அது வேண்டாம். ஹெச்டி ஆனாலும் ஆணி பொறுக்கியதா என்று பார்க்க வேண்டும்.

யார் வாருவது?

சிங்கப்பூர் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒருகாலத்தில் விளையாட்டுத் திடல்கள் எல்லாம் மணல்தான். 1990களில் பெரும்பாலானவற்றை ரப்பருக்கு மாற்றிவிட்டார்கள். 1979ல் கட்டிய தோ பாயோ டிராகன் திடல் இன்னும் மணலோடு நிற்கிறது. அவ்வளவு ஒழுங்கான ஊரிலேயே மணலைச் சுத்தமாக வைப்பது சுமை என்று கண்டார்கள். ஆகவே மணலைத் தேர்ந்தெடுக்கும் ஊராட்சி, அதை வாருகிற ஆளின் பெயரையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வேலை பெரிதல்ல. கருவிக் கால்களில் மணல் நிற்க வேண்டிய மட்டத்தில் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு எவ்வளவு வெளியே தெரிகிறதோ அவ்வளவு மணல் போயிருக்கிறது. ஊஞ்சலுக்குக் கீழும் சறுக்குமர முடிவிலும் தினமும் குழி விழும், தூய்மைக் காவலர் காலையில் இரும்பு வாரியால் இழுத்து நிரப்பினால் பத்து நிமிட வேலை. வாரும்போதே பாட்டில் சில்லு, நாய்க் கழிவு, சிரிஞ்சு இருந்தால் எடுத்துவிடலாம். இரவில் பூங்காவில் குடிக்க உட்காருகிறவர்கள் இருக்கும் ஊரில் சில்லு கட்டாயம் இருக்கும், மாதம் ஒருமுறை மேல்மணலைச் சல்லடையில் சலித்தே ஆக வேண்டும். சித்திரையில் ஒருமுறை முழு ஆழத்துக்குக் கிளறிக் காயவிட்டு, மழை முடிந்த தையில் குறைந்த மணலைக் கொட்டி நிரப்புங்கள்.

ரப்பருக்குப் பராமரிப்பே வேண்டாம் என்பது விற்பவர் சொல். வெள்ளம் ஏறி இறங்கினால் சேறு துளைகளை அடைத்துவிடும், காய்வதற்குள் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஊற்றித் துடைத்தால் பசை கரையும். ஓரங்களில் சுருங்கி இடைவெளி விடுகிறதா, துகள் உதிர்கிறதா, ஊஞ்சலுக்குக் கீழ் கல்லாக இறுகிவிட்டதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மேலே புதிய பசைப் பூச்சு தேவைப்படும். அதற்கான தொகையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்காவிட்டால் பிறகு எந்தத் தலைப்பிலும் பணம் கிடைக்காது. சிஎஸ்ஆர் தருகிற நிறுவனத்திடம் பூங்காவுக்குப் பெயர்ப்பலகை வைக்க ஒப்புக்கொள்ளும் போதே, ஐந்தாண்டுத் தரைப் பராமரிப்பையும் கேட்டுவிடுங்கள்.

மணல் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இறங்கியும் லோடு வரவில்லை என்றால் ஊஞ்சல் இருக்கைகளைக் கழற்றி அலுவலகத்தில் வைத்துப் பூட்டுங்கள். சங்கிலியை மேல்குழாயில் சுற்றிக் கட்டினால் போதாது, சாயங்காலத்துக்குள் பிள்ளைகள் அவிழ்த்துவிடுவார்கள்.